தாய் ஈ கொடுத்தனுப்பும் கத்தரிக்கோல்: கருவில் மரபணுவை அடக்கும் ஈ லைன்கள் குறித்து ஒரு மதிப்புரை

பழ ஈயின் இளங்கருவில் ஏதேனும் ஒரு மரபணுவை அடக்கிப் பார்க்க விரும்பும் ஆய்வாளரின் கைக்கு வந்து சேர்வது, அடியில் உணவுக் கூழும் வாயில் பஞ்சடைப்பும் கொண்ட ஒரு சிறு குப்பியும் அதற்குள் ஊர்ந்துகொண்டிருக்கும் சில ஈக்களுமே. குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் அந்த மரபணுவின் பெயர் இருப்பதால், அதை அணைக்கும் பொத்தானையே வாங்கிவிட்டோம் என்ற எண்ணம் முதல்முறை வாங்குகிறவருக்கு எளிதில் தோன்றிவிடுகிறது. எனக்கும் தோன்றியது. நான்கு ஆண்டுகளாக இத்தகைய லைன்களை, அதாவது செருகிய மரபுக்கூறு ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் ஈ வம்சங்களை, வரவழைத்து, கலப்புச் செய்து, முட்டை சேகரித்து, சிலவற்றில் மகிழ்ந்தும் சிலவற்றில் ஏமாந்தும் போன பிறகு ஒன்று தெளிவாகியிருக்கிறது: குப்பியில் நமக்குக் கிடைப்பது ஒரு முகவரிச் சீட்டு மட்டுமே. அந்த முகவரியில் உள்ள தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலை, வெட்டும் வேலையைச் செய்வது, தாய் ஈ தன் முட்டைக்குள் வைத்து அனுப்பும் ஆர்கோனாட்-2 என்னும் புரதம். ஆகவே இந்த லைன்களின் நிறைகுறைகளை அந்தப் புரதத்தின் இயல்பைக் கொண்டே எடைபோடுவது முறை என்று கருதுகிறேன்; இந்த மதிப்புரையும் அவ்வழியிலேயே செல்கிறது.

பொருள் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஈக்களில் மரபணுக்களை விரும்பிய திசுவில் அடக்குவதற்கான லைன் தொகுப்புகள் இன்று பல உள்ளன. வியன்னாவில் உருவான தொகுப்பு 2007-ஆம் ஆண்டு வெளியானபோதே 22,270 லைன்களைக் கொண்டிருந்தது. புரதத்தைக் குறிக்கும் மரபணுக்களில் 88 விழுக்காட்டை அது எட்டியது. அவற்றில் செருகப்பட்டிருந்தவை, சில நூறு எழுத்துகள் நீண்டு, தம் மேலேயே மடிந்து இரட்டை இழையாகும் கொண்டை ஊசி வடிவ ஆர்.என்.ஏ.க்கள். உடலணுக்களில் நன்றாக வேலை செய்த இந்த நீண்ட கொண்டை ஊசிகள் தாய் ஈயின் முட்டையாக்க அணுக்களில் பெரும்பாலும் சோடை போயின. முட்டையாக்க அணுக்களை எட்டாத எதுவும் இளங்கருவையும் எட்டாது. அந்தக் குறையைத் தீர்க்க ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் நோர்பர்ட் பெரிமான் ஆய்வகத்தைச் சேர்ந்த டிரிப் திட்டத்தினர் 2011-இல் வெளியிட்டவையே குறுங்கொண்டை ஊசி லைன்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ-1 என்னும் இயற்கையான சிறு ஆர்.என்.ஏ.வின் சட்டகத்தை எடுத்து, நடுவில் உள்ள எழுத்துகளை மட்டும் மாற்றி, நமக்கு வேண்டிய மரபணுவுக்குப் பொருந்தும் 21 எழுத்துகளை அதில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். வேலியம்-20, வேலியம்-22 என்பன அவற்றைச் சுமக்கும் இரு ஊர்திகளின் பெயர்கள். பின்னது முட்டையாக்க அணுக்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. எங்கள் ஆய்வகத்துக்கு வந்த லைன்கள் பொது ஸ்டாக் மையங்கள் சிலவற்றிலிருந்தும் நண்பர்களின் ஆய்வகங்களிலிருந்தும் வந்தவை. எது எங்கிருந்து வந்தது என்பதை இங்கே பிரித்துச் சொல்லப்போவதில்லை.

இளங்கருவுக்கென்று தனியாக ஒரு பொருள் ஏன் வேண்டியிருக்கிறது என்பது ஈயோடு பழகாதவர்களுக்குப் புரியாமல் போகலாம். அரை மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த முட்டைக்குள் முதல் பதின்மூன்று அணுக்கருப் பிளவுகள் அணுக்களைப் பிரிக்கும் சவ்வு எதுவும் எழாமலேயே நடந்து முடிகின்றன. தொடக்கத்தில் ஒவ்வொரு பிளவுக்கும் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. இந்த வேகத்தில் கருவின் சொந்த மரபணுக்கள் வாய் திறக்க நேரமே இருப்பதில்லை. ஏறக்குறைய முதல் இரண்டு மணி நேரக் குடும்பச் செலவு முழுவதும் தாய் கட்டிக் கொடுத்த தூது ஆர்.என்.ஏ.க்களையும் புரதங்களையும் கொண்டே நடக்கிறது. எனவே இந்தக் கட்டத்தில் ஒரு மரபணுவை அடக்குவது என்றால் தாயின் கட்டுச்சோற்று மூட்டையில் கைவைப்பது என்றுதான் பொருள். வெட்டும் கருவியும் அதே மூட்டைக்குள்தான் இருக்கிறது என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் அழகு.

அந்தக் கருவியைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். பழ ஈயில் ஆர்கோனாட் குடும்பத்துப் புரதங்கள் ஐந்து உள்ளன. பிவி, ஆபர்ஜின், ஆர்கோனாட்-3 ஆகிய மூன்றும் இனப்பெருக்க அணுக்களில் தாவும் மரபுக்கூறுகளை அடக்கும் பணியில் இருப்பவை. ஆர்கோனாட்-1 பெரும்பாலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஏற்றுக்கொண்டு, தூது ஆர்.என்.ஏ.வை வழக்கமாக வெட்டாமல் அதன் மொழிபெயர்ப்பை முடக்கியும் வாலைக் கரைத்தும் மெதுவாக ஒடுக்குவது. ஆர்கோனாட்-2 அப்படியல்ல, அது நேராக வெட்டும். அதன் மிட் என்னும் பகுதி, இலக்கைக் காட்டும் சிறு ஆர்.என்.ஏ.வான வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் முன்முனையைப் பற்றிக்கொள்கிறது, பாஸ் என்னும் பகுதி பின்முனையைப் பிடித்துக்கொள்கிறது, பிவி என்னும் பகுதியில் (மேலே சொன்ன பிவி புரதம் அல்ல, அதே பெயருள்ள பகுதி) வெட்டும் வாய் அமைந்திருக்கிறது. வழிகாட்டி இழையின் பத்தாம் எழுத்துக்கும் பதினோராம் எழுத்துக்கும் நேர் எதிரே, மெக்னீசியம் அயனிகளின் துணையோடு, இலக்கு இழை ஒரே இடத்தில் துண்டாகிறது. வெட்டி முடித்ததும் புரதம் துண்டுகளை விட்டுவிட்டு அடுத்த தூது ஆர்.என்.ஏ.வைத் தேடிப் போகிறது. ஒரே புரதம் பலமுறை வெட்டக்கூடியது என்பதால்தான் தாய் ஈயிடமிருந்து வரும் சிறிதளவு சிறு ஆர்.என்.ஏ.வும் பேரளவிலான தூது ஆர்.என்.ஏ.வைத் தீர்த்துக்கட்ட முடிகிறது.

ஆனால் இந்தப் புரதம் வெறுங்கையோடு எதையும் வெட்டாது. 21 எழுத்துள்ள இரட்டை இழை அதனுள் ஏற்றப்பட வேண்டும். பிறகு இரண்டில் ஒன்று வெளியேற வேண்டும். ஏற்றும் வேலையை டைசர்-2, ஆர்-2-டி-2 ஆகிய இரண்டு புரதங்களும் சேர்ந்து செய்கின்றன. இரட்டை இழையின் எந்த முனை இறுக்கமாக இணைந்திருக்கிறதோ அதை ஆர்-2-டி-2 பற்றிக்கொள்ள, தளர்ந்த முனைப் பக்கம் டைசர்-2 நிற்கிறது. எந்த இழையின் முன்முனை தளர்ந்த பக்கம் இருக்கிறதோ அதுவே வழிகாட்டியாகத் தேர்வு பெறுகிறது. இழையை உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவுக்கு ஆர்கோனாட்-2-ஐ விரித்து வைப்பதற்கு ஹெச்.எஸ்.பி-90 முதலிய துணைப் புரதங்கள் உயிரணுவின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழிக்கின்றன. அதன்பின் நடப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது: தேர்வு பெறாத துணை இழையை ஆர்கோனாட்-2 தன் முதல் இலக்காகவே கருதி வெட்டி எறிகிறது. இது 2005-இல் பல ஆய்வகங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிறுவப்பட்டது. கத்தி உறையை விட்டு வெளியே வருவதற்கு முதலில் உறையையே கிழிக்கிறது என்று சொல்லலாம். கடைசியாக, ஹென்-1 என்னும் நொதி வழிகாட்டியின் பின்முனையில் ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டிவிட, அது எளிதில் அரிபடாமல் காக்கப்படுகிறது.

வாங்குகிறவருக்கு இந்த விவரம் எதற்கு என்ற கேள்வி எழலாம். குறுங்கொண்டை ஊசி எப்படி இந்தப் புரதத்திடம் போய்ச் சேர்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ-1-இன் சட்டகத்தில் தைத்திருப்பதால், அதை முதலில் டுரோஷா என்னும் நொதியும் பிறகு டைசர்-1-உம் சீவுகின்றன. அதாவது அது மைக்ரோ ஆர்.என்.ஏ வழியிலேயே பயணத்தைத் தொடங்குகிறது. அப்படியானால் அது ஆர்கோனாட்-1-இடம் போய்ச் சேர வேண்டுமே என்று தோன்றும். ஈயின் உடலோ எந்த டைசர் சீவியது என்று பார்ப்பதில்லை. இரட்டை இழையின் இணைவு முழுமையாக இருக்கிறதா, நடுவில் பிசகு உள்ளதா என்பதைப் பார்த்தே பிரிக்கிறது. முழுமையாக இணைந்தவற்றை ஆர்கோனாட்-2 பெரிதும் விரும்பி ஏற்கிறது. வடிவமைத்தவர்கள் 21 எழுத்துகளையும் பிசகின்றி இணைத்து வைத்திருப்பது இந்தப் பிரிப்பின் பயனைப் பெறத்தான் என்று புரிந்துகொண்ட நாளில் இந்தப் பொருளின் மீது எனக்கு மதிப்பு கூடியது. ஒரு வழியில் நுழைந்து மறு வழியில் வெளியேறும் சாமர்த்தியம் அதில் இருக்கிறது.

ஆர்கோனாட்-2 இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கருவிலிருந்தே சான்று உண்டு. 1998-இல் கென்னர்டெல், கார்த்யூ ஆகிய இருவரும் பழ ஈக் கருவுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி, ஃபிரிசில்டு, ஃபிரிசில்டு-2 ஆகிய இரு மரபணுக்களை ஒருசேர அடக்கிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே டுஷ்லும் சமோரும் அவர்களது சகாக்களும் இளங்கருக்களை நசுக்கி எடுத்த சாற்றிலேயே, அதாவது உயிருள்ள ஈ எதுவும் இல்லாத குழாயிலேயே, அந்த ஒடுக்கம் நிகழ்வதைக் காட்டினார்கள். தாய் கொடுத்தனுப்பிய சரக்கு மட்டுமே உள்ள வயதில் எடுக்கப்பட்ட சாறு அது என்பதைக் கவனிக்க வேண்டும். 2004-இல் ஒகாமுராவும் சியோமி இணையரும் ஆர்கோனாட்-2 அற்ற கருக்களிலிருந்து அதே சாற்றை எடுத்துப் பார்த்தபோது, சிறு இரட்டை இழை பிரியவே இல்லை, இலக்கு வெட்டப்படவும் இல்லை. ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ வழிகாட்டும் வெட்டு மட்டும் தொடர்ந்தது. இரண்டு வழிகளும் இரண்டு வெவ்வேறு ஆர்கோனாட்களை நம்பியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். புதிதாக வந்த எந்த லைனையும் சோதிப்பதற்கு முன்பு, முறை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க பைகாய்டு மரபணுவுக்கான குறுங்கொண்டை ஊசி லைனைக் கலப்பது எங்கள் வழக்கம். பைகாய்டின் தூது ஆர்.என்.ஏ.வைத் தாய் முட்டையின் முன்முனையில் நங்கூரமிட்டு வைக்கிறாள். அது இல்லாவிட்டால் தலையும் மார்பும் உருவாகாது, தலை இருக்க வேண்டிய இடத்திலும் ஒரு வால் முனை முளைக்கும். முட்டையாக்க அணுக்களில், கொண்டை ஊசியை எழுத வைக்கும் விசையான கால்-4 புரதத்தைத் தரும் கன்னிப் பெண் ஈக்களைக் கொண்டை ஊசி ஆண் ஈக்களோடு கலந்து, அடுத்த தலைமுறைப் பெண் ஈக்களைப் பிரித்து, திராட்சைச் சாற்று அகர் தட்டில் ஈஸ்ட் பசை தடவி முட்டையிட விட்டேன். ஒரு நாள் கழித்து, பொரியாமல் கிடந்த முட்டைகளைத் தூரிகையால் சல்லடைக்குள் தள்ளி, நீர்த்த வெளுப்பானில் நனைத்தபோது, வெளி ஓட்டின் முன்பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு கொம்புகளும் மெல்ல மங்கிக் கரைந்து, முட்டைகள் கண்ணாடிபோல் பளபளக்கத் தொடங்கின. கண்ணாடித் தகட்டில் பதித்து, தசை கரையும்வரை சூட்டில் வைத்து, இருள்புல நுண்ணோக்கியில் பார்த்தேன். வயிற்றுப் பகுதியின் பல் வரிசைகள் வெள்ளிக் கம்பிகளாக ஒளிர்ந்தன. பின்முனையில் இருக்க வேண்டிய மூச்சுக்குழல் முடிச்சுகள் முன்முனையிலும் ஓர் இணை இருந்தன. தலையில்லாத அந்தத் தோல் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாயின் சூல்பையில் எழுதப்பட்ட 21 எழுத்துகள் இத்தனை தூரம் வந்து வேலை செய்திருக்கின்றனவே என்ற எண்ணம் நெடுநேரம் நீங்கவில்லை. பிறழ்ந்த மரபணு கொண்ட ஈக்களில் கிடைக்கும் உருவத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு சொல்வது கடினம். இந்த ஒரு சோதனையில் பொருளுக்கு முழு மதிப்பெண் தரத் தயங்கமாட்டேன்.

எல்லா மரபணுக்களும் பைகாய்டைப்போல் ஒத்துழைப்பதில்லை என்பதே மறுபக்கம். பைகாய்டின் தூது ஆர்.என்.ஏ.வைத் தாய் கட்டிக் கொடுத்தாலும், புரதம் முட்டையிட்ட பிறகே பெருமளவில் உருவாகிறது. ஆகையால் தூதை வெட்டினால் கதை முடிந்துவிடுகிறது. புரதத்தையே முன்கூட்டித் தயாரித்து முட்டைக்குள் அடைத்து வைக்கும் மரபணுக்களும் உள்ளன. ஆர்கோனாட்-2 வெட்டுவது ஆர்.என்.ஏ.வை மட்டுமே; ஏற்கெனவே உருவாகி நிற்கும் புரதத்தின் மீது அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. தூது ஆர்.என்.ஏ அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது என்று அளவீடு காட்டியும் கரு எந்தக் குறையுமின்றிப் பொரித்துவிட்டால், லைனைக் குறை சொல்லும் முன்பு அந்தப் புரதம் எத்தனை நாள் நீடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஒரு முழுப் பருவத்தை வீணடித்திருக்கிறேன்.

இன்னொரு எல்லை முட்டையாக்கத்திலேயே இருக்கிறது. அடக்க நினைக்கும் மரபணு சூல்பைக்கும் இன்றியமையாததாக இருந்தால் பெண் ஈ முட்டையே இடாது. கருவைப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. இங்கே எந்த கால்-4 ஓட்டுநரை, அதாவது கால்-4 எங்கே எப்போது உருவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் செருகலை, தேர்ந்தெடுக்கிறோம் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. எம்.டி.டி எனப்படும் மூவிணை ஓட்டுநர் இனப்பெருக்க அணுக்களின் தொடக்கம் முதல் முட்டை முதிரும்வரை இடைவிடாமல் இயங்குகிறது. டியூபுலின் மரபணுவின் தாய்வழி ஊக்கியைக் கொண்ட மற்றொன்று, முட்டையறைகள் உருவான பிறகே வேலையைத் தொடங்குகிறது. முதல் ஓட்டுநரில் மலடாகிப்போன கலப்பு இரண்டாவதில் ஏராளமாக முட்டையிட்டதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். வெப்பநிலையும் கவனிக்கத்தக்கது. கால்-4 குளிரில் சோம்பும், 25 டிகிரிக்கு மேல் சுறுசுறுப்பாகும் என்பதால், மிதமான விளைவு வேண்டுமா கடுமையான விளைவு வேண்டுமா என்பதைச் சூடேற்றும் பெட்டியின் திருகிலேயே ஓரளவு தீர்மானிக்கலாம். பொருளோடு வரும் குறிப்புகள் இதைப் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

கரு தானே எழுதத் தொடங்கும் மரபணுக்களில் விளைவு தளர்ந்துபோவதும் எதிர்பார்க்கத்தக்கதே. தாய் கொடுத்த ஆர்கோனாட்-2-உம் அதில் ஏறிய வழிகாட்டிகளும் சில மணி நேரம் காவல் நிற்கும்; புதிய தூது ஆர்.என்.ஏ வெள்ளமாக வரும்போது அந்தக் காவல் போதாமல் போகலாம். தந்தை வழியாகவும் கொண்டை ஊசி வரும்படி கலப்பை அமைத்தால், தாயிடமிருந்து மிஞ்சிய கால்-4 புரதம் கருவிலேயே புதிய கொண்டை ஊசிகளை எழுதச் செய்வதால், தொடக்கத்தில் எழும் மரபணுக்களையும் ஓரளவு தொட முடிகிறது. கருவளர்ச்சியின் பிற்பகுதியை ஆராய விரும்புகிறவர்களுக்கு நான் இந்த லைன்களைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்று வழியான ஊசி செலுத்துதலையும் ஒப்பிட்டாக வேண்டும். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் குழாயில் தயாரித்து, கண்ணாடி ஊசியால் கருவின் வயிற்றில் செலுத்தும் இம்முறையில் கலப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீண்ட இழையை டைசர்-2 பல துண்டுகளாக்கி அதே ஆர்கோனாட்-2-இடம் ஒப்படைத்துவிடும். ஆனால் அணுக்களைப் பிரிக்கும் சவ்வுகள் எழுவதற்குள் முடித்தாக வேண்டும். வெளி ஓட்டை நீக்கிய கருக்களை வரிசைப்படுத்தி, அளவாக உலர்த்தி, எண்ணெயால் மூடி, கை நடுங்காமல் குத்த வேண்டும். சற்று அதிகம் உலர்ந்தால் கரு சுருங்கிவிடும், போதிய அளவு உலராவிட்டால் குத்தியதும் உள்ளிருப்பது வெளியே பீறிடும். எனக்குக் கை வராததால் ஒருமுறை இந்த வேலையை வெளியில் ஒரு சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். அவர்கள் கருக்களைக் குத்தித் தந்தார்களே தவிர, வெறும் கரைசல் செலுத்திய கருக்களை ஒப்பீட்டுக்குத் தரவில்லை. இறந்துபோன கருக்கள் மரபணு அடங்கியதால் இறந்தனவா, ஊசி குத்தியதால் இறந்தனவா என்று பிரித்தறிய வழியில்லாத ஒரு பெட்டித் தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேட்டதற்கு, ஒப்பீட்டுக் கருக்கள் தனிச் சேவையில் வருபவை என்று பதில் வந்தது. அன்றிலிருந்து நான் லைன்களின் பக்கமே சாய்ந்துவிட்டேன். கலப்புக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றாலும், தாய் ஈ எந்தக் கருவையும் குத்துவதில்லை.

குப்பிகள் வந்து சேரும் நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலானவை நல்ல நிலையிலேயே வந்தன. ஓர் ஆய்வகம் அன்போடு அனுப்பிய குப்பியில் மட்டும் ஈக்களோடு உண்ணிகளும் வந்து சேர்ந்தன. தனி அறையில் இரண்டு தலைமுறை வைத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதிருந்தால் எங்கள் முழு அலமாரியும் போயிருக்கும். இன்னொரு குப்பியில் சீட்டு ஒரு மரபணுவைச் சொல்ல, செருகலைப் பெருக்கி எழுத்து வரிசை படித்தபோது வேறொன்று இருந்தது. ஈக்களை எண்ணற்ற கைகள் ஒரு குப்பியிலிருந்து மறு குப்பிக்குத் தட்டி மாற்றும் இத்தொழிலில் இது நடக்கக்கூடியதே. வந்தவுடன் சரிபார்ப்பது வாங்கியவரின் பொறுப்பு.

ஒப்பீட்டு லைனைத் தேர்ந்தெடுப்பதில் பலர் அலட்சியமாக இருப்பதையும் பார்க்கிறேன். கொண்டை ஊசியே இல்லாத ஈக்களை ஒப்பீடாக வைப்பது போதாது. ஆர்கோனாட்-2 நமக்காக மட்டும் காத்திருக்கும் வேலைக்காரன் அல்ல. வைரஸ்களை வெட்டுவது அதன் பரம்பரைத் தொழில். அது இல்லாமலும் ஈக்கள் வளர்ந்து இனம் பெருக்குகின்றன என்றாலும், டெஷ்பாண்டேயும் சகாக்களும் 2005-இல் காட்டியபடி, அந்தப் புரதம் குறைபட்ட இளங்கருக்களில் அணுக்கருப் பிளவும் இடப்பெயர்ச்சியும் இனப்பெருக்க அணுக்கள் உருவாவதும் தடுமாறுகின்றன. அப்படிப்பட்ட புரதத்தின் மீது செயற்கையான வழிகாட்டிகளைக் குவிக்கும்போது, குவிப்பதாலேயே ஏதேனும் நேருமா என்ற ஐயத்துக்கு இடம் வைக்கக் கூடாது. கண்ணின் நிறத்துக்குரிய வொயிட் மரபணுவையோ ஈயில் இல்லாத ஒளிரும் புரதத்தையோ குறிவைக்கும் கொண்டை ஊசியை அதே ஓட்டுநரோடு, அதே வெப்பநிலையில் வைத்தால்தான் ஒப்பீடு ஒப்பீடாகும்.

அளவிடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. இதையும் புரதத்தின் இயல்பே தீர்மானிக்கிறது. வெட்டு ஒரே இடத்தில் விழுவதால் தூது ஆர்.என்.ஏ இரண்டு துண்டாகிறது. முன்துண்டை எக்சோசோமும் பின்துண்டை எக்ஸ்.ஆர்.என்-1-உம் ஆகிய ஆர்.என்.ஏ. அரிக்கும் நொதிகள் தின்று தீர்க்கின்றன. தின்று முடிப்பதற்குள் நாம் சாறு எடுத்துவிட்டால், துண்டின் உள்ளே மட்டும் விழும் பிரைமர்கள், அதாவது அளக்க வேண்டிய பகுதியின் இரு எல்லைகளைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள், வெட்டுப்பட்டதையும் முழுதென்று எண்ணிவிடும். பிரைமர்கள் வெட்டும் இடத்தின் இருபுறமும் அமையும்படி வடிவமைத்த பிறகுதான் என் எண்களும் கருக்களின் தோற்றமும் ஒத்துப்போகத் தொடங்கின.

கடைசியாக, இப்போது என் மேசையில் இருக்கும் சிக்கல். ஒரே மரபணுவுக்கு, வெவ்வேறு 21 எழுத்துகளைக் குறிவைக்கும் இரண்டு லைன்களை வரவழைத்தேன். முதலாவதில் கருக்கள் பத்தாவது பிளவு வாக்கில் தடுமாறி நிற்கின்றன. இரண்டாவதில் பெரும்பாலானவை நலமாகப் பொரிக்கின்றன. முதல் லைனின் விளைவு உண்மையா, அல்லது அதன் வழிகாட்டியின் இரண்டு முதல் எட்டு வரையிலான எழுத்துகள் தற்செயலாக வேறொரு தூது ஆர்.என்.ஏ.வோடும் பொருந்திவிட்டதா என்று தெரிந்தாக வேண்டும். வெட்டும் இடத்தின் இருபுறமும் பிரைமர் வைத்து அளந்ததில், இரண்டாவது லைனில் தூது ஆர்.என்.ஏ பாதியளவே குறைந்திருக்கிறது. அதன் இரட்டை இழையை எழுதிப் பார்த்தேன்: தளர்ந்திருக்க வேண்டிய முனையில், இறுக்கமாகப் பிணையும் ஜி-சி எழுத்து இணைகள் மூன்று அடுத்தடுத்து நிற்கின்றன. வெளியேற வேண்டிய இழையையே ஆர்-2-டி-2 வழிகாட்டியாக அனுப்பிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் ஆர்கோனாட்-2 வேலை செய்யாமல் இல்லை, தவறான முகவரியோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. மரபணுவின் வேறொரு பகுதியைக் குறிவைக்கும் மூன்றாவது லைனைக் கேட்டு எழுதியிருக்கிறேன். கூடவே, அந்த 21 எழுத்துகளை மட்டும் பொருள் மாறாமல் மாற்றி எழுதிய மரபணுவைச் சுமக்கும் ஈயையும் வளர்த்து வருகிறேன். முதல் லைனின் வழிகாட்டியால் வெட்ட முடியாத அந்தப் பிரதி கருக்களை மீட்டுவிட்டால், முதல் லைனுக்கு என் அலமாரியில் நிரந்தர இடம் உண்டு.